ப.சிதம்பரத்தை நாம் எப்படி வாசிப்பது?

(கண்டனூரில் இளைஞர்கள் சிலர் கூட்டிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன சில தகவல்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



"நம்ம தொகுதி எம்.பி." என்று தலைப்பு போட்டு அழைத்தீர்கள். இன்றைய எம்.பி. கார்த்தி சிதம்பரம். நான் பேசப் போவது அவரைப் பற்றி அதிகம் இல்லை, அவருடைய அப்பாவைப் பற்றி. காரணம் எளிது. 1984 முதல் 2014 வரையிலான முப்பது ஆண்டுகளில் 1999க்கும் 2004க்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளைத் தவிர மற்ற எல்லாக் காலமும் சிவகங்கைக்கு எம்.பி. ஒரே ஆள்தான். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குப் பிறந்ததிலிருந்து பள்ளி முடிக்கும் வரை தெரிந்த ஒரே எம்.பி. அவர். பிறந்தது கானாடுகாத்தானில் என்றாலும் கண்டனூர் அவருடைய தந்தை வழி ஊர். வாக்களிக்க இங்கேதான் வருகிறார். தேர்தலன்று காலையில் விரலைக் காட்டி நிற்கும் படம் வராத பத்திரிகை கிடையாது. ஆகவே இந்த ஊரில் அவரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடமான வேலை. பெருமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், "தொகுதிக்கு என்ன செய்தார்" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. சாதி என்று வரும்போது இவர் என்ன செய்தார்?

அதற்குப் போவதற்கு முன்னால் இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1931இல் இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்தவர் ஜே.எச்.ஹட்டன். எல்லாச் சாதிகளையும் முழுமையாக எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு அதுதான். அதே ஹட்டன் சாதியைப் பற்றிப் பின்னால் எழுதிய புத்தகத்தில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், அதாவது நம்முடைய இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதி திராவிடர்கள் மீது கள்ளர் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. பூவும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இது போதாதென்று 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அதில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது, மிராசுதாரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். இன்னொன்று, சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாருக்கு மலிவான விலைக்கு விற்றுவிட வேண்டும்.

அரசு நம்மைக் கடைசியாக முழுசாக எண்ணிய ஆண்டும் இந்தப் பதினொரு தடைகளின் ஆண்டும் ஒன்றுதான். இரண்டையும் பார்த்த அதிகாரியும் ஒருவரே. ஆய்வு வேலையில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் இரண்டு நாள் தூக்கம் வராது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், 1929இல், ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவினார். ப.சிதம்பரத்தின் தாய் லட்சுமி ஆச்சி அவருடைய மகள். செட்டிநாட்டுப் பணம் ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பும் வலுவோடு இருந்த காலத்தில் அதே செட்டிநாட்டின் வயல்களில் எழுத்தறிவு தடை செய்யப்பட்டிருந்தது. தடை போட்டவர்கள் நகரத்தார் இல்லை என்று சொல்வீர்கள். சரிதான். தாத்தா காலத்துக் கணக்கைப் பேரனிடம் கேட்கவும் நான் வரவில்லை. ஒரே நிலத்தில் பணம், நில அதிகாரம், உழைப்பு ஆகிய மூன்றும் மூன்று சாதிகளிடம் பிரிந்து கிடந்தன. பணம் வைத்திருந்தவர்கள் நில அதிகாரத்தோடு சண்டைக்குப் போகவில்லை. இந்த ஏற்பாடு தேர்தல் அரசியலிலும் தொடர்கிறது என்பதுதான் என் வாதம்.

நகரத்தாரில் மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். காரைக்குடி ராம.சுப்பையா சுயமரியாதை இயக்கத்தில் நின்றவர். ஜீவா சிராவயலில் ஆசிரமம் நடத்தினார், 1927இல் காந்தி அங்கே வந்தார். சிதம்பரம் என்ற இளைஞர் கிளம்பி வந்த மண்ணில் இந்த மரபும் இருந்தது.

இனி அவருடைய கதைக்கு வருவோம். பிறந்தது 1945. மாநிலக் கல்லூரியில் புள்ளியியல், பிறகு சட்டக் கல்லூரி, பிறகு ஹார்வர்டில் எம்.பி.ஏ. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் படித்து, ஐ.நா.வில் வேலை பார்த்துவிட்டு அந்த ஆண்டில்தான் ஊர் திரும்பியிருந்த மைதிலி சிவராமன் கீழ்வெண்மணிக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அடுத்து மூன்று பேர் சேர்ந்து சென்னையில் 'ரேடிகல் ரிவ்யூ' என்ற இதழைத் தொடங்குகிறார்கள். ஒருவர் மைதிலி, இன்னொருவர் பின்னாளில் 'தி இந்து'வின் ஆசிரியரான என்.ராம். மூன்றாமவர் நம் ப.சிதம்பரம்.

இதைச் சொன்னால் உங்களில் பலர் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நானும் முதலில் நம்பவில்லை. இருபத்து நான்கு வயதுச் சிதம்பரம் இடதுசாரி இதழ் நடத்தியவர்.

மைதிலி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார், தொழிற்சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் உழைத்தார். 1992இல் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து ஒரு பழங்குடி கிராமத்தைச் சூறையாடியபோது அதை வெளியே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சிதம்பரம் எழுபதுகளில் காங்கிரசுக்குப் போனார். 1984இல் எம்.பி., 1985இல் துணை அமைச்சர், 1991இல் தாராளமயம் தொடங்கியபோது வர்த்தகத் துறை. மைதிலி 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துபோனார். இருவரும் ஒரே இதழிலிருந்து கிளம்பியவர்கள். அவர் துரோகம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இருபத்து நான்கு வயதில் எழுதியதற்கு ஆயுள் முழுக்க யாரும் கட்டுப்பட்டவர் இல்லை. ஆனால் கீழ்வெண்மணி என்றால் என்ன என்று தெரியாமல் அதிகாரத்துக்கு வந்த ஆள் அல்ல இவர். தெரிந்துதான் வந்தார்.

தேர்தல்களைப் பார்ப்போம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1984, 1989, 1991, 1996, 1998, 2004, 2009. ஏழு முறை வெற்றி. முதல் மூன்றும் அதிமுக கூட்டணியில் வந்தவை. 1996இல் ஜெயலலிதாவோடு கூட்டணி வேண்டாம் என்று மூப்பனாரோடு வெளியேறி த.மா.கா.வில் சேர்ந்து திமுக கூட்டணியில் ஜெயித்தார், ஐக்கிய முன்னணி அரசில் நிதி அமைச்சரானார். 1998 அதே கூட்டணி. 2001இல் த.மா.கா.விலிருந்து பிரிந்து காங்கிரஸ் ஜனநாயகப் பேரவை என்று தனியாக ஒன்று நடத்தினார், பிறகு காங்கிரசோடு இணைந்தார். 2004, 2009 இரண்டும் மறுபடி திமுக கூட்டணி. 2009இல் அதிமுகவின் ராஜ கண்ணப்பனை 3,354 வாக்கில் வென்றார். அந்த வாக்கு எண்ணிக்கை பற்றிய சர்ச்சை டீக்கடைகளில் இன்னும் ஓயவில்லை, கண்ணப்பன் நீதிமன்றத்துக்கும் போனார். (அந்தக் கண்ணப்பன் பிறகு திமுகவுக்கு வந்து அமைச்சரானதும், 2022இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தன்னைச் சாதி சொல்லி அவமதித்ததாக அவர் மீது குற்றம் சாட்டியதும், உடனே போக்குவரத்துத் துறை கைமாறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். மாற்றிக் கொடுத்த துறை எது தெரியுமா? பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை.)

இந்த ஏழில் சேராதது 1999. த.மா.கா. அந்தத் தேர்தலில் திமுக, அதிமுக இரண்டும் இல்லாத ஓர் அணியை அமைத்தது. அதில் கிருஷ்ணசாமியின் புதிய தமிழகம் இருந்தது. அதுவரை தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் முதல்முறையாகத் தேர்தலுக்கு வந்ததும் அந்த அணியில்தான். சிதம்பரம் தொகுதியில் தோழர் திருமாவளவன் சைக்கிள் சின்னத்தில் நின்று இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். அன்று சேரிகளில் நடந்த வன்முறையைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும். சிவகங்கையில் ப.சிதம்பரம் மூன்றாம் இடத்துக்குப் போனார். காங்கிரசின் சுதர்சன நாச்சியப்பன் வென்றார், பாஜகவின் எச்.ராஜா இரண்டாமிடம். தமிழ்நாடு முழுக்கவே த.மா.கா.வுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை.

அப்படியானால் தலித் கட்சிகளோடு சேர்ந்ததால் தோற்றார் என்று சொல்லலாமா? அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. 2014இல் காங்கிரஸ் தனியாக நின்றபோது கார்த்தி நான்காம் இடம். அங்கே தலித் கட்சி எதுவும் கூட்டணியில் இல்லை. பெரிய திராவிடக் கட்சியின் தோள் இல்லாமல் இந்தக் குடும்பம் சிவகங்கையில் ஜெயித்ததில்லை என்பதுதான் இரண்டுக்கும் பொதுவானது. ஆனால் 1999 ஒரு பாடமாக எப்படி வாசிக்கப்பட்டது என்பது வேறு விஷயம். இரண்டு பெரிய கட்சிகளும் இல்லாமல் தலித் கட்சிகளைத் தோளோடு தோள் நிறுத்தி ஒரு மூன்றாவது அணி கட்டும் முயற்சியை மூப்பனாருக்குப் பிறகு காங்கிரஸ் மரபில் யாரும் இங்கே எடுக்கவில்லை.

இன்னொன்று. சிவகங்கையில் நகரத்தார் எண்ணிக்கையில் சிறிய சமூகம். சொந்தச் சாதி வாக்கை வைத்து யாரும் இங்கே ஜெயிக்க முடியாது. இதனால்தான் சிதம்பரம் "சாதி பார்க்காத வேட்பாளர்" என்று பேர் எடுத்தார். முக்குலத்தோர், யாதவர், உடையார், முத்தரையர், தேவேந்திரர், பறையர் என்று எல்லோருக்கும் அவர் வேற்றாள், ஆகவே எல்லோருக்கும் பொதுவானவர். எண்ணிக்கையில் பலமில்லாத, பணத்தில் பலமுள்ள ஒரு சாதியிலிருந்து வரும் வேட்பாளர் யாருக்கும் போட்டி இல்லை. அவருக்கும் உள்ளூர்ச் சாதி அதிகாரத்தைத் தொட வேண்டிய தேவை இல்லை, தொட்டால் கூட்டணி கலையும். நான் முதலில் சொன்ன பழைய ஏற்பாடு இதுதான்.

உதாரணம் வேண்டுமா? கண்டதேவி. தேவகோட்டை பக்கத்தில். சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேர் வடத்தைத் தலித்துகள் தொடக்கூடாது என்று நான்கு நாட்டார்கள் நின்றதும், தொண்ணூறுகளின் கடைசியில் தேரே நின்றுபோனதும், நடுவில் ஓரிரு முறை போலீஸ் காவலோடு ஓடி மறுபடி பல ஆண்டுகள் நின்றதும், நீதிமன்றம் தலையிட்டு 2024 ஜூனில் மறுபடி ஓடியதும் உங்களுக்குத் தெரியும். நான்கு நாட்டில் ஒன்று உஞ்சனை. 1979இல் கோயில் திருவிழாத் தகராறில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்ட அதே உஞ்சனை. மானாமதுரைப் பக்கம் கச்சநத்தத்தில் 2018 மே 28 இரவு மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. இவ்வளவும் இந்த ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள். உங்களில் யாராவது எந்த எம்.பி. வேட்பாளரின் பிரசார வேனிலிருந்தாவது "கண்டதேவி" என்ற சொல்லைக் கேட்டிருக்கிறீர்களா? (கூட்டத்தில் ஒரு கையும் உயரவில்லை.) சிதம்பரத்தை மட்டும் கேட்கவில்லை, எல்லாக் கட்சியையும்தான் கேட்கிறேன். நம்முடைய வாக்கை வாங்கிக்கொண்டு வென்றவர்களையும் சேர்த்து.

கொள்கைக்கு வருகிறேன். 1997 பட்ஜெட்டைக் "கனவு பட்ஜெட்" என்று வர்ணித்தார்கள். தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 40 விழுக்காட்டிலிருந்து 30க்கு இறங்கியது, உள்நாட்டு நிறுவனங்களின் வரி 40லிருந்து 35 ஆனது. கறுப்புப் பணத்தைத் தாமாக அறிவிக்கிறவர்களுக்குச் சலுகைத் திட்டம் ஒன்றும் வந்தது. யாருடைய கனவு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ள தலித் குடும்பம் 1997இல் இந்த ஊரில் எத்தனை? அரசு வேலையும் பொதுத்துறை வேலையும்தான் இட ஒதுக்கீட்டின் வாசல். தாராளமயம் அந்த வாசலை அடைக்கவில்லை, வாசலுக்குப் பின்னால் இருந்த வீட்டைச் சிறியதாக்கியது. தனியார் துறையில் இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம் என்று 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி சொன்னது, பேசிக்கொண்டே பத்து ஆண்டு போனது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 பட்ஜெட்டில் ஈடு இல்லாமல் வாங்கக்கூடிய கல்விக் கடனின் வரம்பு 4 லட்சத்திலிருந்து 7.5 லட்சமாக உயர்ந்தது. சிவகங்கை மாவட்டத்தில் வங்கிக் கிளைகளும் கல்விக் கடன் முகாம்களும் பெருகியது நம் கண் முன்னால் நடந்தது. வீட்டில் முதல் பட்டதாரி ஆன எத்தனையோ பேருக்கு அந்தக் கடன்தான் கதவு. பிறகு வேலை கிடைக்காமல் வட்டி ஏறி வங்கியிலிருந்து ஆள் வந்ததும் அதே கடனால்தான். கல்வியை உதவித்தொகையாகக் கொடுப்பதற்கும் கடனாகக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஈடு வைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்குத்தான் தெரியும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை 2005-06இல் தொடங்கியது, அப்போது நிதி அமைச்சர் இவர்தான். பிறகு பெயர் மாறி வந்த அந்த உதவித்தொகையில்தான் நான் ஆய்வு செய்கிறேன். மாதக்கணக்கில் தாமதமாக வரும், அது வேறு கதை. எனக்கு முன்னால் நின்ற இயக்கங்கள் கேட்டுப் பெற்ற உரிமை அது. ஆனால் அந்தப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்ட அரசில் இவர் இருந்தார் என்பதை மறைத்துவிட்டு இந்த மேடையில் பேசினால் நான் நேர்மையானவன் இல்லை.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல். மாதக் கடைசியில் சிவராஜ் பாட்டீல் விலக, சிதம்பரம் உள்துறை அமைச்சரானார். டிசம்பர் மாதத்திலேயே என்.ஐ.ஏ. சட்டமும் உபா சட்டத் திருத்தமும் நிறைவேறின. திருத்தத்தில் 43டி(5) என்று ஒரு பிரிவு. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே பிணை கொடுக்கக்கூடாது என்கிறது அது. 2018இல் பீமா கோரேகான் வழக்கு வந்தபோது அந்தப் பிரிவு யார் மீது பாய்ந்தது என்று பாருங்கள். அம்பேத்கரின் பேத்தியை மணந்தவரும் சாதியைப் பற்றி நம் காலத்தில் மிகக் கூர்மையாக எழுதுகிறவருமான ஆனந்த் டெல்டும்டே 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்த நாளில், சரணடைந்தார். இரண்டரை ஆண்டு சிறை. திருச்சி மண்ணில் பிறந்து ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். வழக்குப் போட்டது பாஜக அரசு. அது கையில் எடுத்த கருவியைச் செய்து கொடுத்தது நம் தொகுதி எம்.பி. பணப் பரிமாற்றத் தடைச் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தபோதும் நிதி அமைச்சர் அவரே. 2019 ஆகஸ்டில் சி.பி.ஐ. அவரைக் கைது செய்தது. பிறகு அந்தச் சட்டத்தின் கீழும் அமலாக்கத் துறை கைது செய்தது. நூறு நாட்களுக்கு மேல் காவலிலும் திகாரிலும் இருந்தார். அவர் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்ட ஒன்று அல்ல, அந்தக் கைதில் அரசியல் பழிவாங்கல் இருந்தது என்று நான் நினைக்கிறேன். அதைச் சந்தோஷமாகப் பார்த்த தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிணை என்பது உரிமை என்று வெளியே வந்து அவர் எழுதுவதை நாமும் பகிர்கிறோம். 2008 டிசம்பரிலும் அது உரிமையாகத்தான் இருந்தது.

இப்போது நான் உண்மையில் பேச வந்த இடம், 2010.

அந்த ஆண்டு மே மாதம் மக்களவையில் முலாயம் சிங், லாலு, சரத் யாதவ் எல்லோரும் சேர்ந்து 2011 கணக்கெடுப்பில் சாதியை எண்ண வேண்டும் என்று நின்றார்கள். கணக்கெடுப்பு உள்துறையின் கீழ் வருவது. உள்துறை அமைச்சராகச் சிதம்பரம் பதில் சொன்னார். நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன, கணக்கெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், சாதியை ஆராயப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை, மத்தியப் பட்டியலும் மாநிலப் பட்டியல்களும் வேறு வேறாக இருக்கின்றன, தலை எண்ணிக்கையின் நம்பகத்தன்மை கெட்டுவிடும் என்பது அந்தப் பதிலின் சாரம்.

புள்ளியியல் படித்தவரின் வாதம், ஆகவே புள்ளியியலாகவே பதில் சொல்லலாம். 1951 முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சாதிப் பெயரோடு எண்ணி வருவது அதே ஆசிரியர்கள்தான். பள்ளரையும் பறையரையும் சக்கிலியரையும் சரியாக எண்ணத் தெரிந்த ஆசிரியருக்கு செட்டியாரையும் முதலியாரையும் ஐயரையும் எண்ண மட்டும் பயிற்சி போதாது என்றால், சிக்கல் பயிற்சியில் இல்லை.

பிறகு நடந்தது தெரிந்த கதை. செப்டம்பரில் அமைச்சரவை தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்த முடிவு செய்தது. 2011 ஜூனில் அது தொடங்கியது. கணக்கெடுப்புச் சட்டத்துக்கு வெளியே, வேறு அமைச்சகங்களின் பொறுப்பில், சாதிப் பெயரை வாயால் சொன்னபடி எழுதிக்கொள்ளும் முறையில். விளைவு, 46 லட்சம் சாதிப் பெயர்கள் வந்திருக்கின்றன என்று 2021இல் மோடி அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஒரே சாதியின் பெயரை நூறு விதமாக எழுதினால் நூறு சாதி ஆகத்தான் செய்யும். மற்றத் தகவல்கள் 2015 ஜூலையில் வந்தன, சாதிக் கணக்கு இன்று வரை வரவில்லை. 2010இல் முறையான கணக்கெடுப்புக்குள்ளேயே, பட்டியலோடு, குறியீட்டோடு எண்ணியிருந்தால் நமக்கு ஒரு தலைமுறைக்கான கணக்கு கையில் இருந்திருக்கும்.

அதே 2010 ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. தலித்துகளுக்கான சிறப்புக் கூறுத் திட்ட நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாயை டெல்லி அரசு காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பியது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அம்பலமானது. மாநிலங்களவையில் அந்தத் திருப்பம் தவறு என்று ஒப்புக்கொண்டவர் உள்துறை அமைச்சர் சிதம்பரம். இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த குணம் இது. 1988இல் சல்மான் ருஷ்டியின் நாவலைத் தடை செய்தது தவறு என்று 2015இல் வெளிப்படையாகச் சொன்னார், தடை போட்டபோது உள்துறையில் இணை அமைச்சராக இருந்தவரும் அவரே.

2024 ஏப்ரலில் காங்கிரசின் தேர்தல் அறிக்கை வந்தது. நாடு முழுக்கச் சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு. இட ஒதுக்கீட்டின் 50 விழுக்காடு உச்சவரம்பை நீக்க அரசியல் சட்டத் திருத்தம். பல்கலைக்கழகங்களில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக ரோஹித் வெமுலா பெயரில் சட்டம். அறிக்கைக் குழுவின் தலைவர் ப.சிதம்பரம். ரோஹித் பெயரை ஒரு தேசியக் கட்சியின் அறிக்கையில் பார்த்தபோது என் விடுதி அறையில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்தலில் கார்த்தி இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். 2019இல் எச்.ராஜாவை எதிர்த்து வென்றபோது மூன்று லட்சத்துக்கும் மேல். இரண்டு முறையும் சேரிகள் யாருக்கு, எதைத் தடுக்க வாக்களித்தன என்று எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம், நானும் அங்கேதான் வாக்குக் கேட்டு நடந்தேன்.

2025 ஏப்ரல் 30 அன்று மோடி அரசே சாதியை எண்ணப் போவதாக அறிவித்தது. அந்த ஜூலையில் டெல்லியில் ராகுல் காந்தி, முன்பே சாதிக் கணக்கெடுப்பு நடத்தாமல் விட்டது தன் தவறு, கட்சியின் தவறு அல்ல என்றார். பெருந்தன்மையான பேச்சு. ஆனால் 2010இல் உள்துறை அமைச்சர் ராகுல் இல்லை. அன்று அந்தப் பதிலை அவையில் படித்தவர் வேறொருவர்.

அவர் ஏன் மாறினார்? கட்சி மாறியதால் மாறினாரா, மனம் மாறியதா? எனக்கு அது இரண்டாம்பட்சம். பதினான்கு ஆண்டுகளில் அவரை மாற்றியது பீகார், உத்தரப் பிரதேசப் பிற்பட்டோர் அரசியலின் அழுத்தமும் தெருவும்தான். சிவகங்கை எம்.பி.யை இந்த விஷயத்தில் மாற்றியதில் சிவகங்கைக்குப் பங்கு இல்லை. நாம் அவரிடம் ரயில் கேட்டோம், வங்கிக் கிளை கேட்டோம், கடன் கேட்டோம். 2010இல் கண்டனூர் வீட்டு வாசலில் போய் எங்களையும் அவர்களையும் சேர்த்து எண்ணுங்கள் என்று கேட்டவர்கள் யார்?

சரி, இப்போது வரும் கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1 கணக்குத் தேதி, கையில் செல்போன் செயலியோடு வருவார்கள். 2011இல் நடந்ததே மறுபடி நடக்காமல் இருக்க, அந்தச் செயலியில் மாநிலவாரியாகச் சாதிப் பட்டியல் இருக்குமா, வாயால் சொல்வதை எழுதிக்கொள்வார்களா என்ற கேள்வியை இன்றைய எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். இன்னொன்று, இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல். சருகணி, இடைக்காட்டூர் பக்கமெல்லாம் தலித் கிறித்தவர்கள் இருக்கிறார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் அவர்கள் பட்டியல் சாதி இல்லை, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். இதுவரை எந்தக் கணக்கிலும் தலித்தாக எண்ணப்படாதவர்கள். சாதிப் பெயர் கேட்கப்படும்போது அவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? இதைப் பார்க்கத்தான் 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. அப்புறம், நம்மை எண்ணுவது மட்டும் கணக்கெடுப்பு இல்லை. இந்தத் தெருவின் ஆயிரம் சன்னல் வீடுகளும் அவற்றின் உரிமையாளர்களும் எண்ணப்பட வேண்டும். நிலம் யாரிடம், வங்கி இருப்பு யாரிடம், பல்கலைக்கழகம் யாரிடம் என்ற கணக்கு வராமல் தலித்துகளின் எண்ணிக்கை மட்டும் வந்தால் அது 1951 முதல் இருப்பதுதான்.

இந்த மூன்று கேள்விகளையும் ஒரு மனுவாக எழுதியிருக்கிறேன், ஒரு பக்கம்தான். கூட்டம் முடிந்ததும் படித்துப் பாருங்கள், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். ஒரு பிரதி காரைக்குடியில் எம்.பி. அலுவலகத்துக்கு. இன்னொரு பிரதி, அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது கொடுக்க. யார் யார் வருகிறீர்கள் என்று பெயர் எழுதிக்கொள்ளலாம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.